ரயில் ஓடாத பாதையில் ஹசிந்தோ

ஞாயித்துக்கிழமை சகலை வீட்டுக்குப் போறதில்லை. தலையே போனாலும் போறதில்லை. வெள்ளிக்கிழமை காலையில, கண்ணாடி முன்னாடி நின்னு, மூஞ்சியில பாதி சோப்பு நுரையோட ஹசிந்தோ இப்படி ஒரு சபதம் எடுத்தான்.

சும்மா எடுத்த சபதமா? பதினோரு வருஷம் பல்லைக் கடிச்சு, அந்தப் பல்லு தேஞ்சு, அதுக்கப்புறம் எடுத்த சபதம்.

சகலை நிக்கனோர் நல்ல மனுஷன். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனா இருந்தா ஒரு நாள் சண்டை போட்டுட்டு வந்துடலாம். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவனுக்குப் பித்தப்பையில கல்லு எடுத்தாங்க. கல்லு வெளிய வந்துருச்சு, கதை மட்டும் இன்னும் வந்துகிட்டே இருக்கு. மொத்தம் ஒன்பது கல்லு. ஒரு கண்ணாடி ஜாடியில போட்டு, சாப்பாட்டு மேஜையில, ஊறவச்ச ஆலிவ் கிண்ணத்துக்குப் பக்கத்துலயே வைப்பான். போன ஈஸ்டருக்கு ஹசிந்தோ மூக்குக்கண்ணாடி போடாம ஆலிவ்னு நினைச்சு கையை நீட்டினான்... வேண்டாம், சாப்பிடுற நேரத்துல படிக்கிறவங்க இருப்பீங்க.

இந்த ஞாயிறு நிக்கனோருக்குப் பொறந்தநாள். ஒன்பது கல்லுக்கும் ஒண்ணு விடாம கதை வரும்.

"ரெமே! ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு."

பொண்டாட்டி ரெமே சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டே கேட்டா. "உனக்கா? எண்ணெய் ஆலையில இருந்து ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சே. வேலை விலாசம் விசாரிச்சு வீட்டுக்கே வந்துருச்சா?"

"சைக்கிள் ஓட்டப் போறேன். நம்ம பச்சைப் பாதையில. நடுப் பாலம் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

பச்சைப் பாதைன்னா பெனியால்டா ஊருக்கே மார்பு ரெண்டு அங்குலம் விரியும். நூறு வருஷத்துக்கு முன்னாடி ரயில் விடப்போறோம்னு மலையைக் குடைஞ்சாங்க. பத்தொன்பது குகை, நாலு பாலம், அஞ்சு ஸ்டேஷன், எல்லாம் கட்டினாங்க. அப்புறம் பணம் தீர்ந்துச்சு, சண்டை வந்துச்சு, தண்டவாளம் மட்டும் வரவே இல்லை. அதுல வெக்கப்பட என்ன இருக்கு? "எங்க லைன்ல ஒரு ரயில் கூட இதுவரைக்கும் லேட்டா வந்ததில்லை"ன்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க. இப்போ அது சைக்கிள் பாதை. கார் கிடையாது, லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. எதிர்ல அதிகபட்சம் ஒரு ஆட்டு மந்தை வரும், அதுவும் வழி விட்டுப் போகும். இதுல ஓட்டுறதுக்குன்னே ஜெர்மனியில இருந்தெல்லாம் வர்றாங்க.

ஹசிந்தோவும் வசந்தத்துல ஒரு சைக்கிள் வாங்கினான். அது இதுவரைக்கும் வீட்ல இருந்து ஒயின் கடைக்கும், ஒயின் கடையில இருந்து வீட்டுக்கும் ஓடியிருக்கு. திரும்பி வர்றப்போ பெரும்பாலும் தள்ளிக்கிட்டு.

"நடுப் பாலமா?" ரெமே இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சா. "அதுவே உனக்கு ஜாஸ்தி. ஆசையில கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிடாதே, மனுஷா. முப்பத்திநாலு கிலோமீட்டர். அதெல்லாம் பக்கத்து வீட்டு பெனித்தோ மாதிரி ஆளுங்க போறது."

"பெனித்தோவுக்கு எழுபத்திமூணு வயசுடி!"

"வயசா முக்கியம்? காலுல்ல முக்கியம்."

"என் காலுக்கு என்ன குறை?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. ரெண்டு இருக்கு. போதும்."

ஹசிந்தோவுக்கு உச்சந்தலை சூடாச்சு. "போறேன்டி! கடைசி ஸ்டேஷன், வால்செக்கா வரைக்கும் போவேன்! ஸ்டேஷன் சுவத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வருவேன்! அது ரயில் பாதை, மேஜை மாதிரி மட்டமா இருக்கும். ரயில் என்ன மரமா ஏறும்?"

"வால்செக்காவா? நிக்கனோர் அத்தான் ஊராச்சே. அப்படியே ஒரு எட்டு..."

"தொடுவேன், திரும்புவேன். நடுவுல உக்காந்து சாப்பிட்டா உடம்பு ஆறிப்போயிடும். எங்களை மாதிரி வீரனுங்களுக்கு அது ஆகாது."

"சரிப்பா. நான் தனியாவே போய் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்"னு பெருமூச்சு விட்டா ரெமே. அந்தப் பெருமூச்சு இருக்கே, அதுல ஒரு காத்தாடி ஆலையையே சுத்த விடலாம். ஹசிந்தோவுக்கே ஒரு நிமிஷம் பாவமாப் போச்சு. அதோட தனக்குத்தானே முதுகுல தட்டிக்கிட்டான். என்ன மூளைடா உனக்கு!

ஞாயித்துக்கிழமை காலையில ரெமே அவன் முதுகுல பையை மாட்டி விட்டா. "பசிச்சா மட்டும் திற. வழியில திறந்தா நசுங்கிடும்."

கிளம்பினான். அடடா! என்ன சொல்றது! ஒரு மிதி மிதிச்சா சைக்கிள் பத்து மிதிக்குப் போகுது. குகைக்குள்ள நுழைஞ்சா விளக்கு ஒவ்வொண்ணா தானா எரியுது, ராஜா வர்றார்னு வரவேற்கிற மாதிரி. வெளிய வந்தா ரெண்டு பக்கமும் மலை மலையா ஆலிவ் மரம். மேல பாறையில பிணந்தின்னிக் கழுகுங்க வரிசையா உக்காந்திருக்கு. "இன்னைக்கு உங்களுக்கு என்கிட்ட ஒண்ணும் தேறாது, போங்க"ன்னு கையாட்டிட்டுப் போனான்.

எதிர்ல ரெண்டு ஜெர்மன் பசங்க. இருபத்தஞ்சு வயசு இருக்கும். தொடை ஒவ்வொண்ணும் பன்னித்தொடை மாதிரி. ஆனா மூஞ்சி தக்காளி, நாக்கு வெளிய, மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது. அறுபத்தாறு வயசு ஹசிந்தோ சீட்டியடிச்சுக்கிட்டே அவங்களைக் கடந்தான். பாவம், ஊட்டமில்லாத பசங்க. வீட்ல உருளைக்கிழங்கு போட்டே வளர்த்திருப்பாங்க.

பத்து கிலோமீட்டர். இருபது. முப்பது. நடுவுல வேணும்னே பெடல்ல இருந்து ரெண்டு காலையும் எடுத்துப் பார்த்தான். அப்பவும் சைக்கிள் ஓடுது! 'காலை எடுத்த பிறகும் ஓடுதுன்னா, அந்தக் காலு முன்னாடி எவ்வளவு வேகம் குடுத்திருக்கணும்!' அவன் கணக்கு அப்படிப் போச்சு.

வால்செக்கா ஸ்டேஷன். சுவத்தைத் தொட்டான். முத்தமே குடுத்தான். திரும்பினான். மிதிச்சான்.

சைக்கிள் நகரலை.

பிரேக் ஒட்டிக்கிச்சோ? இறங்கிப் பார்த்தான். ஒட்டலை. காத்து இறங்கிடுச்சோ? அமுக்கினான். கல்லு மாதிரி இருக்கு. மறுபடி மிதிச்சான். முந்நூறு மீட்டர் போறதுக்குள்ள நெஞ்சு தாரை தப்பட்டை அடிக்குது. மேல பார்த்தா ஒரு கழுகு, ரொம்ப அக்கறையா, கீழ இறங்கி வந்து உக்காருது.

தள்ளிக்கிட்டே ஸ்டேஷனுக்குத் திரும்பினான். பழைய டிக்கெட் கவுன்ட்டர்ல பீர் விக்கிற அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தா.

"என்ன அண்ணே, மேல ஏறப் பார்த்தீங்களா?"

"ஏறவா? மட்டமான பாதையில என்னம்மா ஏத்தம்?"

"யாரு சொன்னா மட்டம்னு? பெனியால்டாவுல இருந்து இங்க வரைக்கும் முழுக்க இறக்கம். ரயிலுக்குப் போட்ட பாதையாச்சே, நைசா இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, முழங்காலுக்குத்தான் தெரியும். எல்லாரும் மேல இருந்து கீழ ஜாலியா வருவாங்க, வேன்ல ஏறி வீட்டுக்குப் போவாங்க. விவரம் தெரியாத வெளிநாட்டுப் பசங்கதான் கீழ இருந்து மேல ஓட்டும்."

ஹசிந்தோவுக்கு அந்த ஜெர்மன் பசங்க மேல திடீர்னு ஒரு பெரிய மரியாதை வந்துச்சு. "சரி, அந்த வேன் எங்க?"

"இன்னைக்குக் கிடைக்காதே. பெனியால்டா பெண்கள் சங்கம் நாள் முழுக்கப் பிடிச்சு வச்சிருச்சு. எப்பவும் வியாழக்கிழமைதான் வருவாங்க, பத்துப் பன்னண்டு பேரு, இறங்குவாங்க, பீர் குடிப்பாங்க, வேன்ல ஏறுவாங்க. இந்த வாரம் தலைவியம்மாவே போன் பண்ணி ஞாயித்துக்கிழமை வேணும்னாங்க. ஆனா பாருங்க, ஒருத்தரையும் காணோம்."

"தலைவி யாரு?"

"ரெமேன்னு ஒரு அம்மா. தங்கமான பொம்பளை."

ஹசிந்தோ பெஞ்சுல பொத்துன்னு உக்காந்தான். பசி கண்ணை அடைச்சுது. வழியெல்லாம் உருளைக்கிழங்கு முட்டை அடையை நினைச்சுக்கிட்டே வந்தவன் பையைத் திறந்தான். உள்ள இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு சீப்பு. கலர் காகிதம் சுத்தின ரெண்டு கிலோ ஆட்டுப்பால் சீஸ். அதுல ஒரு சீட்டு: 'நிக்கனோர் சகலைக்கு, பொறந்தநாள் வாழ்த்துகளோட, உங்க ஹசிந்தோ.'

உடனே போன் போட்டான்.

"ரெமே... நீ வியாழக்கிழமைல எங்க போறே?"

"நாப்பது வருஷத்துல முதல் தடவையா கேக்குறியே. சைக்கிள் ஓட்டத்தான். சட்டையை மாத்திக்க. அத்தான் கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

நிக்கனோர் வந்தான். காரை விட்டு இறங்கினதும் இறங்காததுமா ஹசிந்தோவைக் கட்டிப்பிடிச்சுக் குலுக்கினான். வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய், பதினாறு பேர் உக்காந்திருந்த மேஜை முன்னாடி நிறுத்தினான்.

"எல்லாரும் பாருங்க! வீட்ல கார் இருக்கு. பொண்டாட்டி கார்ல வந்துட்டா. இவன் மட்டும் முப்பத்திநாலு கிலோமீட்டர் மிதிச்சு வந்திருக்கான்! எனக்காக! சீஸ் வேற சுமந்துகிட்டு!"

பதினாறு பேரும் எழுந்திரிச்சுக் கை தட்டினாங்க. யாரோ ஒயின் நீட்டினாங்க. ஒரு கிழவர் அவன் தொடையைத் தொட்டுப் பார்த்து "இரும்பு!"ன்னார். சமையல்கட்டு வாசல்ல நின்ன ரெமேவோட அக்கா விசெந்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

ஹசிந்தோவுக்கு நெஞ்சு நிமிர ஆரம்பிச்சுது. ஒரு மடக்கு குடிச்சான், இன்னும் நிமிர்ந்துச்சு. இறக்கம்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலை. அவன் எதுக்குச் சொல்லணும்?

"அட, இதெல்லாம் ஒரு தூரமா?" மீசையைத் துடைச்சான். "காலையில ஒரு காபி குடிச்சுட்டு மிதிச்சா முடிஞ்சுது. மனசு வச்சா நான் தினமும் வருவேன்!"

நிக்கனோர் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டான். "நிஜமாவா சகலை? தினமுமா?"

ரெமே அவன் தட்டுல வறுத்த ஆட்டுக்கறியை இன்னொரு கரண்டி வச்சா.

"ஐயோ, தினமும் வேண்டாம் அத்தான், அக்கா பாவம் எத்தனை நாள்தான் சமைப்பா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மட்டும் வரட்டும்."