சூலம் தெரியாத வழிகாட்டி

அதியமான்கோட்டை,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பூவரசன் அவர்களுக்கு மாமனார் முனியப்பன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் சசிகலாவின் சுகத்தையும் அறிய ஆவல்.

புதுக் கார் வாங்கும்போது, வழி சொல்லும் பெட்டி உள்ளேயே பதித்த மாடலை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். என் காரில் இருக்கிறது, அனுபவித்தவன் சொல்கிறேன்.

நேற்று உங்கள் மச்சான் நவநீதனுக்குப் பெண் பார்க்கப் பென்னாகரம் பக்கம் போனோம். ஏற்கெனவே நாலு இடம் தட்டிப் போயிற்று. இதுவும் தட்டினால் இனிப் பெண் பார்க்கவே வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், பென்னாகரமும் மேற்கே. "மொதல்ல கெழக்கால கொஞ்ச தூரம் போயிட்டு அப்புறம் திரும்பிக்கலாங்க" என்றாள் முன் சீட்டில் இருந்த உங்கள் அத்தை. கிழக்கே அரூர் சாலையில் வண்டியை விட்டேன். பெட்டிக்குள் இருக்கும் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "யூ-டர்ன் எடுக்கவும்" என்று ஆரம்பித்துவிட்டாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது திரும்பு திரும்பு என்றால் மனசு என்ன பாடுபடும்? போன் என்றால் அணைத்துப் பையில் போடலாம், இதை வண்டியோடு சேர்த்தல்லவா பதித்து வைத்திருக்கிறார்கள்! அவள் வாயை மூடும் வித்தையை ஷோரூம்காரர் சொல்லித்தந்தபோது நான் அவர் கொடுத்த காபியில் கவனமாக இருந்துவிட்டேன். உங்கள் அத்தைதான் ஒவ்வொரு தடவையும் "இரு கண்ணு, சூலம் கழிச்சுட்டுத் திரும்பிர்றோம்" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேற்கே திரும்பியதும் பெட்டிக்காரி குறுக்கு வழி என்று ஓர் ஊர்ச் சாலையில் இறக்கிவிட்டாள். சாலை முழுக்கக் கொள்ளுச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். மேலே ஏற்றிவிட்டேன். காவலுக்கு இருந்த அம்மாள் கையை நீட்டி மறித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தால், "வந்ததுதான் வந்தீங்க, இன்னும் ரெண்டு தரம் முன்ன பின்ன ஏத்திட்டுப் போங்க சார், நல்லா அடிபட்டு மணி உதிர்ந்துரும்" என்றார். ராகு காலம் நெருங்குகிறது, நான் கொள்ளு அடித்துக்கொண்டிருக்கிறேன்! உங்கள் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நவநீதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

வண்டிக்கு அடியில் கொள்ளுச் செடி தொங்க, ஒருவழியாகப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றோம். "சேருமிடத்தைத் தாண்டிவிட்டீர்கள், யூ-டர்ன் எடுக்கவும்" என்று பெட்டி தெருவுக்கே கேட்கக் கத்துகிறது. "வூடு வந்துட்டோம் கண்ணு, கெளம்புனதுலருந்து பேசிக் களைச்சிருப்பே, கொஞ்ச நேரம் சும்மா இரு" என்று உங்கள் அத்தை கெஞ்சுகிறாள். பெண் வீடு மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறது. கடைசியில் பெண்ணே, பெயர் பிரியதர்ஷினி, பட்டுப்புடவையோடு இறங்கி வந்து, ஜன்னலுக்குள் கையை விட்டு ஒரு குமிழைத் திருகினாள். சத்தம் நின்றது, கூடவே எங்கள் மானமும் போனது. "கலந்து பேசிச் சொல்றோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாலு வீட்டில் கேட்ட அதே வார்த்தை.

ஆகவே பெட்டி இல்லாத மாடலையே எடுங்கள். வழி தெரியாவிட்டால் டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். சசிகலாவுக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் போகிற வழியெல்லாம் மேடு பள்ளம் இல்லாமல் அமைய முனியப்பனை வேண்டுகிறேன், என்னை அல்ல, கோயிலில் இருப்பவரை.

இப்படிக்கு,
மாமனார் முனியப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பா போன் செய்தார். பெண்ணுக்குச் சம்மதமாம்! நவநீதனைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லையாம். "ஒரு மெஷினு அத்தனை அதிகாரம் பண்ணியும் கோவிச்சுக்காம கண்ணு கண்ணுன்னு பதில் சொன்னாங்களே, அந்த மாமியார் இருக்கற வூட்டுக்கே போறேன்" என்றாளாம். மாப்பிள்ளை, பெட்டி உள்ள மாடலையே எடுங்கள். உங்கள் தம்பிக்குப் பெண் பார்க்கப் போகும்போது, மறக்காமல் உங்கள் அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.