கொடியில் நடந்த தேர்தல்

நாட்டைத் திறப்பது என் கையில் இல்லை. எங்கள் குடியிருப்பின் முற்றத்தையாவது திறந்தே தீருவது என்று அந்த ஊரடங்கு நாளில் பல் துலக்கும்போது முடிவு செய்தேன்.

நான் முடிதிருத்துகிறவன். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உண்மையில் என் தொழில் பேசுவது. கத்தரிக்கோல் ஒரு சாக்கு. தொற்று பரவுகிறது என்று சலூனை மூடச் சொன்னார்கள். கத்தரிக்கோல் சொன்ன பேச்சு கேட்டது, வாய் கேட்கவில்லை. வீட்டில் பேசலாமென்றால் என் மனைவி தையல்காரி. நான் வாயைத் திறந்ததும் மெஷினை மிதிப்பாள்.

அதனால் பால்கனிக்கு வந்தேன். என்னைப் போலவே எல்லாரும் வந்தார்கள். முற்றத்தைச் சுற்றி மூன்று மாடி. அதுவரை படியில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போனவர்கள், ஒருவர் வீட்டு இருமலை இன்னொருவர் விசாரிக்க ஆரம்பித்தோம். இருட்டும்வரை விவாதம் நடக்கும். பயந்து கிடந்த காலம்தான். ஆனாலும் அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கு மேல்மாடியில் மருந்துக்கடைக்காரர். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது.

"எல்லாரும் உள்ளேயே இருக்கணும் சார். வைரஸ் கண்ணுக்குத் தெரியாது" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"டிக்கெட் எடுக்காம ஒளிஞ்சவன்கூடத் தெரியமாட்டான். நான் பிடிச்சதில்ல?"

"வைரஸ் உங்க பஸ்ல ஏறலைங்க!"

"ஏறிப் பார்க்கட்டும்!"

நான் நடுவில் புகுந்தேன். "காத்தாட முற்றத்துல ஒரு நாற்காலி போடறேன். ஒரு நேரத்துல ஒருத்தர். முகக்கவசம், சோப்பு, எல்லாம் உண்டு. முடி வெட்டிக்கலாமா, வேண்டாமா?"

முற்றமே அதிர்ந்தது. கண்டக்டரின் முடி காதை மூடியிருந்தது. 'உள்ளேயே இருக்கணும்' என்ற மருந்துக்கடைக்காரரே கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, "காத்தோட்டமா இருந்தா யோசிக்கலாம்" என்றார். ஆண்கள் அத்தனை பேரும் என் கட்சி. பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்தால் மெஷின் நின்றிருந்தது. அது நல்ல சகுனமில்லை.

"ஏங்க, போன மழைக்கு நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கிடந்தது ஞாபகம் இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. தூங்கிட்டுத்தானே இருந்தேன்."

"நீங்க தூங்குனீங்க. மூக்குல குழாயோட கிடந்த உங்களைப் பார்த்துட்டு முழிச்சிருந்தது நான். இன்னொரு தடவை என்னால முடியாது."

ஆனால் தலைவனாகிவிட்டவன் பின்வாங்க முடியுமா? "இது ஜனநாயகம்மா. வீட்டுக்கு ஒரு ஓட்டு. மக்கள் வேண்டாம்னா நாற்காலி போடமாட்டேன். சத்தியம்" என்றேன்.

"எப்படி ஓட்டுப் போடுவீங்க? கூட்டம் கூடக்கூடாது, காகிதம் கைமாறக்கூடாது."

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. "ஒவ்வொரு பால்கனியிலயும் துணி காயப்போடற கொடி இருக்கில்ல? ஞாயிற்றுக்கிழமை காலையில நாற்காலி வேணுங்கிறவங்க வெள்ளைத் துணி போடணும். வேண்டாங்கிறவங்க கலர் துணி. நான் நடுவுல நின்னு எண்ணிடுவேன்."

அவள் சிரித்தாள். "அருமையான யோசனைங்க. எல்லார் வீட்லயும் வெள்ளைத் துணி இருக்குமா? சலூன்ல கழுத்தைச் சுத்திக் கட்டுவீங்களே, அந்தத் துணியெல்லாம் மூட்டையா சும்மாத்தானே கிடக்கு. கொடுங்க, வீட்டுக்கு ஒண்ணு அனுப்பிடறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் திட்டத்துக்கு அவள் கைகொடுத்தது அதுதான் முதல் தடவை. பூரித்துப்போய் மூட்டையை அப்படியே கொடுத்தேன். வாரம் முழுக்க மெஷின் ஓடியது. சனிக்கிழமை கயிற்றில் பை கட்டி வீடு வீடாக ஏற்றி இறக்கினாள். கிழிசல் தைத்து அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டேன். "நாளைக்கு முதல் தலை என்னுது" என்று கண்டக்டர் எதிரிலிருந்து குரல் கொடுத்தார்.

ஞாயிறு காலை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். அண்ணாந்து பார்த்தேன்.

சிவப்பு. பச்சை. பூப்போட்டது. கட்டம் போட்டது. மூன்று மாடியிலும் மருந்துக்குக்கூட ஒரு வெள்ளை இல்லை. பால்கனிகளில் ஆண்கள் வரிசையாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். அத்தனை பேர் முகத்திலும் புத்தம்புதிய வெள்ளை முகக்கவசம். துணியைப் பார்த்ததுமே தெரிந்தது. என் சலூன் துணி.

"என்னண்ணே இது?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"தம்பி, மன்னிச்சிரு. எங்க வீட்ல துணி காயப்போடறது நான் இல்லையே. கிளிப் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. உன் ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டதுலேர்ந்து வீட்டம்மா என்னைக் கொடிப்பக்கமே விடல."

மருந்துக்கடைக்காரரைப் பார்த்தேன். "நாலு மடிப்பு வெச்சுத் தைச்சிருக்காங்க. ரொம்ப நல்லா இருக்கு" என்று முகக்கவசத்தைத் தடவிக்காட்டினார்.

ஓட்டு ஆண்களுடையது என்று நான் நினைத்திருந்தேன். கொடி யாருடையது என்று யோசிக்கவில்லை. என் மனைவி யோசித்திருக்கிறாள். ஒவ்வொரு பை போனபோதும் முகக்கவசத்தோடு கூடவே, ஆஸ்பத்திரியில் அவள் முழித்திருந்த கதையும் போயிருக்கிறது. கோபம் வரத்தான் செய்தது. அதைத் தாண்டி, அத்தனை வீட்டுப் பெண்களும் என் நெஞ்சுச் சளிக்காகத் துணி உலர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. அந்த மாதிரி ஒரு காலை இனி எனக்கு வாய்க்காது.

கடைசி நம்பிக்கையாக எங்கள் வீட்டுக் கொடியைப் பார்த்தேன். என்னுடைய நீலச் சட்டை தொங்கியது. என் சட்டையே எனக்கு எதிராக ஓட்டுப் போட்டிருந்தது.

"முடிவைச் சொல்லுங்க, மேல்மாடிக்குக் கேக்கணும்" என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

தொண்டையைக் கனைத்தேன். "நாற்காலி தோற்றுவிட்டது!" என்று முழங்கினேன்.

முதல் கைதட்டல் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து கேட்டது.