எட்டு வருஷத்துக் கைப்பிடி

பிப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை, காலை முட்டையை உடைப்பதற்கு முன்பே, ஃபின்பார் லூஸி இளைய தலைமுறையைத் தூக்கி நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டார்.

இது திடீரென்று வந்த எண்ணம் என்று சொல்ல முடியாது. பத்து நிமிஷமாக அவர் ஃபிரிட்ஜின் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவில் நோரீனின் பட்டியல் தொங்கியது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நோரீனுக்குச் சனிக்கிழமை விடுமுறை. பதினோரு மணி ஆனதும் பட்டியலைக் கழற்றிக் கையில் எடுப்பாள். தாள் மாறும், பேனா மாறும், தாளைப் பிடித்திருக்கும் காந்தம்கூட இரண்டு தடவை மாறிவிட்டது. முதல் வரி மட்டும் எட்டு வருஷமாக மாறவில்லை. மாடிப்படிக் கைப்பிடி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அலமாரியை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கோவ் என்ற அந்தத் துறைமுக ஊரில் வீடுகள் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. உள்ளே மாடிப்படியும் அப்படித்தான், ஏணிக்குக் கொஞ்சம் மேல். அலமாரி இடித்தது. ஃபின்பார் கைப்பிடியைக் கழற்றினார். அலமாரி ஏறிவிட்டது. கைப்பிடியைக் கீழே நடைவழிச் சுவரில் இரண்டு கொக்கிகளில் தற்காலிகமாக மாட்டி வைத்தார். மறுநாள் மழை பெய்தது. யாரோ அதில் ஒரு கோட்டைத் தொங்கவிட்டார்கள். அதோடு அது கோட்டுக் கம்பியாகிவிட்டது. நோரீன் அன்றிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே மாடி ஏறினாள். சுவர்த்தாளில் இருந்த நீலப் பூக்கள் அவள் தோள் உயரத்தில் ஒரு கோடாக அழிந்து போயிருந்தன.

முட்டைப் பெட்டிக்கு அடியில் ஒரு துண்டறிக்கை கிடந்தது. இளையோருக்கு வழித்துணை தேவை. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். வாரம் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை பதினொன்று முதல் ஒன்று வரை. அது முட்டைப் பெட்டிக்கு அடியில் எப்படி வந்தது என்று ஃபின்பார் யோசிக்கவில்லை. பதினொன்று முதல் ஒன்று வரை என்பதைத்தான் யோசித்தார்.

"நான் இதுல சேரலாம்னு இருக்கேன்" என்றார்.

"எந்தக் கிழமை?"

"சனிக்கிழமைன்னு அவங்களே போட்டிருக்காங்க. நான் என்ன பண்றது."

"ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் நோரீன். "பசங்கதானே முக்கியம்."

குறைந்தது கால் மணி நேரச் சண்டையாவது இருக்கும் என்று எதிர்பார்த்து மூன்று வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். மூன்றும் வீணாயின. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். முட்டை நன்றாக வெந்திருந்தது, அதனால் சுதாரிக்கவில்லை.

அவர் சேர நினைத்ததற்கு வேறு காரணமும் இல்லாமலில்லை. துறைமுகத்தைக் கடக்கும் கார்ப் படகில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கார்களைக் கையசைத்து ஏற்றி, கையசைத்து இறக்கியவர். இரண்டு விரலை மடக்கினால் லாரி நின்றுவிடும். இவ்வளவு அனுபவத்தை மீன்பிடி மேடையில் கூட நின்று தூண்டில் போடும் மாஸியிடம் மட்டும் சொல்லி என்ன பயன்? மாஸிக்குக் காது சரியாகக் கேட்காது.

போலீஸ் சரிபார்ப்பு வந்தது. பங்குச் சாமியாரும் பழைய படகுத் தலைவரும் நற்சான்று எழுதினார்கள். பிறகு இரண்டு நாள் பயிற்சி. பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, அறிவுரை சொல்லாதீர்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. காது கொடுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். வருகிறேன் என்று சொன்னால் வாருங்கள். ஃபின்பார் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அறிவுரை எப்போது தொடங்கும் என்பது கடைசிப் பக்கம் வரை இல்லை.

கடைசியாக வீட்டுக்கு வந்தவள் வழித்துணை அமைப்பின் பொறுப்பாளர் ஓர்லா. முப்பது வயதிருக்கும். ஈரக் கோட்டைக் கழற்றி, நல்ல உயரத்தில் ஒரு கம்பி இருக்கிறதே என்று அதில் மாட்டினாள். தேநீர் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி மூன்றாம் முறை வாங்கிக்கொண்டாள். மனைவியிடமும் பேச வேண்டும், அதுதான் விதி என்றாள்.

"உங்க கணவர் எடுத்த காரியத்தைப் பாதியில விடற ஆளா?"

"விடவே மாட்டாரு" என்றாள் நோரீன். "எட்டு வருஷமானாலும் கையில வச்சிருப்பாரு. உங்க கோட்டு தொங்குது பாருங்க, அது மாடிப்படிக் கைப்பிடி."

ஓர்லா கோட்டைப் பார்த்தாள். மாடிப்படியைப் பார்த்தாள். அழிந்த நீலப் பூக்களைப் பார்த்தாள். பிறகு தன் நோட்டில் தேவைக்கு அதிகமாகவே எழுதினாள்.

ஃபின்பாருக்குக் கிடைத்த பிள்ளையின் பெயர் டாரா டூமி. வயது பதினாறு. மேல்நிலைப் பள்ளியில் மூன்றாம் வருஷப் பரீட்சை முடிந்து, பரீட்சையே இல்லாத நான்காம் வருஷத்தில் இருந்தான். அந்த ஒரு வருஷம் பிள்ளைகளைப் பலதையும் செய்து பார்க்கச் சொல்வார்கள். டாரா பலதையும் செய்து பார்த்திருந்தான். கித்தார் ஆறு வாரம், நீச்சல் நாலு வாரம், ஹர்லிங் என்ற மட்டைப் பந்தாட்டம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதையும் முடிக்க மாட்டேன் என்கிறான் என்று பள்ளிக்கூடமே அவனை ஓர்லாவிடம் அனுப்பியிருந்தது.

முதல் சந்திப்பு நூலகத்தில். முதல் மாதம் பொது இடங்களில்தான் பார்க்க வேண்டும், இடத்தைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி. டாராவின் தலைமுடி கண்ணை மறைத்தது. எதைக் கேட்டாலும் தெரியல என்றான். கடல் பிடிக்குமா என்றதற்கும் தெரியல. மூன்று பக்கமும் கடல் தெரிகிற ஊரில் பிறந்தவன். ஃபின்பாரின் நாக்கு நுனி வரை அறிவுரை வந்தது. கையேட்டை நினைத்து அதை விழுங்கிக்கொண்டார்.

ஓர்லா ஒரு படிவத்தைத் தந்துவிட்டுப் போயிருந்தாள். இருவரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு காரியத்தை ஆளுக்கொன்று எழுத வேண்டும். பதின்மூன்று வாரம். பிள்ளையின் காரியம் முடிந்ததா என்று பெரியவர் சொல்வார், பெரியவருடையது முடிந்ததா என்று பிள்ளை சொல்வான்.

ஃபின்பார், தினமும் நடப்பது என்று எழுதினார்.

டாரா தலைமுடிக்கு நடுவிலிருந்து படித்தான். "இங்க எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

"அப்ப அது தள்ளிப்போட்டது இல்லியே."

அவர் அதை அடித்துவிட்டு, மீன்பிடிக்கக் கற்பது என்று எழுதினார். டாரா அவருடைய சட்டைப் பையில் குத்தியிருந்த தூண்டில் முள்ளைப் பார்த்தான். அந்தப் பார்வை ஃபின்பாருக்கு நோரீனை நினைவூட்டியது. அதையும் அடித்தார். படிவத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் மீதி இருந்தது. கைப்பிடி என்று எழுதினார். எட்டு வருஷமாக மற்றவர் கையெழுத்தில் பார்த்த சொல், தன் கையெழுத்தில் பார்க்க என்னவோ போலிருந்தது.

டாரா தன் பங்குக்கு, சமூகசேவை, பதின்மூன்று வாரம், நடுவுல விடாம என்று எழுதினான். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பதக்கம் உண்டாம். என்ன சேவை, எங்கே என்று ஃபின்பார் வாயைத் திறந்தார். துருவிக் கேட்காதீர்கள். வாயை மூடிக்கொண்டார். கடற்கரையில் குப்பை பொறுக்குவானாயிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை டாரா கேட்ட முதல் கேள்வி, "கைப்பிடி?"

"போயிட்டிருக்கு. உன் சேவை?"

"போயிட்டிருக்கு."

"ஃபோட்டோ காட்டுங்க" என்று டாராவே தொடர்ந்தான்.

ஃபின்பாரிடம் ஃபோட்டோ இல்லை. அதற்கடுத்த வாரம் எங்கே சந்திக்கலாம் என்று கேட்டபோது டாரா இரும்புக்கடை என்றான். அது பொது இடமில்லை என்று ஃபின்பார் ஓர்லாவுக்கு ஃபோன் செய்து பார்த்தார். கதவு திறந்திருக்கிற கடை, ரொம்பப் பொருத்தமான இடம் என்றாள் ஓர்லா. அன்று காலை பதினொன்று முதல் ஒன்று வரை, கைப்பிடியைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பார்த்தார்கள். மீன்பிடி மேடையில் மாஸி தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று ஃபின்பார் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார்.

மார்ச்சில் நோரீனுக்கு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. ஜூன் நடுவில் முழங்கால் ஆபரேஷன். கூடவே ஒரு கேள்வித்தாள். வீட்டில் மாடிப்படி உண்டா? உண்டு. கைப்பிடி உண்டா? நோரீன் பேனாவை வாயில் வைத்து யோசித்தாள்.

"உண்டுன்னு போடவா? இருக்குதான். எங்க இருக்குன்னு அவங்க கேக்கல."

"நான்தான் பண்ணிட்டிருக்கேனே."

"அவசரமில்ல. ஆகலன்னா டிராலீ ஊர்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அவ வீட்ல மாடியே கிடையாது. ஆறு வாரம்தானே. நாய்க்குத் தினம் ரெண்டு வேளை மாத்திரை, ஞாபகம் வச்சுக்கோ. தண்ணில கலந்தா குடிக்காது, விரலை உள்ள விடணும்."

ஃபின்பார் நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. ஆனால் நாயைவிட அவரை உறுத்தியது வேறு. அன்று மதியம் நோரீன் மாடி ஏறும்போது ஆறாவது படியில் நின்று, சுவரில் கையை ஊன்றி, மூச்சு வாங்கிவிட்டு, பிறகு ஏறினாள். எத்தனை நாளாக அந்த ஆறாவது படியில் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. டாராவைப் போல, தெரியல என்றுதான் சொல்ல முடியும்.

ஒரு மாதம் முடிந்ததும், மனைவி உடன் இருந்தால் வீட்டிலும் சந்திக்கலாம் என்று ஓர்லா அனுமதி கொடுத்தாள். நோரீன் உடன் இருந்தாள். பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை அடுக்கி டாராவுக்குக் கொடுத்தாள். ஃபின்பாருக்கு அதே ரொட்டி, இறைச்சி குறைவு. டாரா மூன்றாவது படியில் உட்கார்ந்து தின்றுகொண்டே வேலையை மேற்பார்வை பார்த்தான். ஃபின்பார் சுவரில் ஓட்டை போட்டார். காரை பெயர்ந்து நாயின் மேல் விழுந்தது. வேறு இடத்தில் போட்டார். அங்கே கல். டாரா ரசமட்டத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, கையை மேலே அசைத்தான், கீழே அசைத்தான், இரண்டு விரலை மடக்கினான். ஃபின்பார் நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் அது தன்னுடைய சைகை என்று உறைத்தது.

"இதை எங்க கத்துக்கிட்ட?"

"நீங்க பேசும்போது எப்பவும் இப்படித்தானே பண்றீங்க."

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணி ஆனதும் டாரா பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுப்பான். நோரீன் கையெழுத்துப் போடுவாள். அமைப்பின் வருகைப் பதிவேடு என்று ஃபின்பார் நினைத்துக்கொண்டார். தன்னிடம் ஏன் கையெழுத்து வாங்கவில்லை என்று ஒரு தடவை கேட்கக்கூட வாயெடுத்தார். கையில் டிரில்லிங் மெஷின் இருந்ததால் விட்டுவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் பிராக்கெட்டுகளைத் தலைகீழாக மாட்டியிருப்பது தெரிந்தது. மே மாதம் கானாங்கெளுத்தி மீன் கூட்டம் வந்துவிட்டது. மாஸி ஒரே காலையில் பதினெட்டு பிடித்தான் என்று ஊரே சொல்லியது. ஃபின்பார் மனம் உடைந்து, போதும், மீதியை ஆளை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று மெஷினைக் கீழே வைத்தார்.

"சரி" என்றான் டாரா. நோட்டைப் பைக்குள் போட்டான். "அப்ப நானும் விட்டுடறேன். பதினோராவது வாரம். கித்தாரைவிட அதிகம்தான்."

அவன் மிரட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு சின்ன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னான், ஆனால் முடியை ஒதுக்கி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். மூன்று மாதத்தில் அவன் கண்ணின் நிறம் அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஃபின்பார் வாய்க்கு வந்த வசவைக் கடலின் மீது கொட்டிவிட்டு மெஷினை எடுத்தார்.

பதின்மூன்றாவது சனிக்கிழமை கைப்பிடி ஏறியது. நோரீன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். ஆறாவது படியில் நிற்கவில்லை. மேலே போய் நின்று, "கொஞ்சம் ஆடுது" என்றாள். டாரா சுவரில் காதை வைத்து, மரம்தானே, ஆடும் என்றான். படிவத்தில் ஃபின்பாரின் பெயருக்கு எதிரே முடிந்தது என்று எழுதினான். ஃபின்பாரும் அவன் பெயருக்கு எதிரே அதையே எழுதினார். சேவை என்ன என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை. கையேடு அவரைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. டாரா இருவரையும் அழைத்திருந்தான். ஃபின்பார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். வழித்துணைகளை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னாலும் சொல்வார்கள் என்று மூன்று மாதமாக விழுங்கிய அறிவுரைகளில் சிறந்த நான்கைத் தேர்ந்தெடுத்து மனதில் வரிசைப்படுத்தியிருந்தார். முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் நோரீனும் ஓர்லாவும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். இருவரும் நெடுநாள் பழகியவர்கள்போல ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

தலைமையாசிரியை டாரா டூமி என்று கூப்பிட்டார். டாரா முடியை வெட்டியிருந்தான். ஃபின்பார் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார், இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கையும் அடித்தார். தலைமையாசிரியை நோட்டைப் பார்த்துப் படித்தார். பதின்மூன்று வாரத் தொடர் சேவை, ஒரு வாரம்கூட விடவில்லை. தொடங்கிய வேலையை முடிக்கச் சிரமப்படும் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவருக்கு, வெளியிலும் அவருடைய வீட்டிலும் துணையாக இருந்தது. உறுதி செய்து கையெழுத்திட்டவர், திருமதி நோரீன் லூஸி.

ஃபின்பார் கைதட்டுவதை நிறுத்த மறந்துபோய் இன்னும் கொஞ்சம் தட்டினார். அரங்கில் அவர் கைதட்டல் மட்டும்தான் கேட்டது. மேடையிலிருந்து டாரா அவரைப் பார்த்து, வா என்று கையை அசைத்தான்.

"எழுந்திரு" என்றாள் நோரீன். "பயனாளியும் மேல வரணுமாம். பாத்து ஏறு, அந்தப் படில கைப்பிடி இல்ல."