பழைய பெட்டியைக் கழற்றிய விவரம்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். சித்தியும் தங்கையும் தங்கள் முழங்காலும் அங்கு நலமென நம்புகிறேன்.

"உங்க அண்ணன் மகள் ஆஸ்பத்திரியையே இழுத்து மூடிட்டா" என்று பெரிய டாக்டரம்மா தங்களுக்குப் போன் செய்ததாகச் சித்தி சொன்னார். தாங்கள் சிபாரிசு செய்து கிடைத்த வேலை. ஆகவே நடந்ததைத் தாங்கள் என் வாயால் கேட்பதே முறை.

இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என மூன்று சர்வர்கள். மூன்றும் தம் கோப்புகளை நெட்வொர்க் வழியாக ஒரே சேமிப்புப் பெட்டியில், ஆளுக்கொரு பகுதி பிரித்து வைத்திருக்கின்றன. கூட்டுக் குடும்பத்து பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் ஏற்கெனவே போய்விட்டது, மிச்சம் உறுமிக்கொண்டிருந்தது. அதுவும் மண்டையைப் போட்டால் அத்தனை குழந்தைகளின் ஸ்கேனும் அம்பேல். எனவே எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்குப் பிரதி எடுத்தேன். சர்வர்களைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் இணைப்பதுதான் பாக்கி. "அரை மணி நேர வேலை மேடம்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னது நான்தான்.

முதலில் பில் சர்வர். அவசரத்தில் அதை ரத்தப் பரிசோதனைப் பகுதியோடு இணைத்துவிட்டேன். கேஷியர் ஒரு அப்பாவிடம், "பதினொன்னு புள்ளி ரெண்டு" என்றிருக்கிறார். அவர், "ரொம்பக் கம்மியா இருக்கே!" என்று சந்தோஷமாகப் பாக்கெட்டில் கைவிட, கேஷியர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, ரத்தம் கம்மிதான். டாக்டரைப் பாருங்க" என்றாராம். அதை உடனே சரிபண்ணிட்டேன் சித்தப்பா, ரத்த சர்வரையும் ஒழுங்கா மாத்திட்டேன். ஸ்கேன் சர்வர்தான் பிடிச்ச பிடியை விடலை. கழட்டச் சொன்னா, 'யாரோ கோப்பைத் திறந்து வெச்சிருக்காங்க, முடியாது'ன்னு பதில். ஸ்கேன் டாக்டரை மூடச் சொன்னேன், மூடினார். நர்ஸுங்களை மூடச் சொன்னேன், மூடினாங்க, மூடின கையோட டீ குடிக்கப் போயிட்டாங்க. வரிசை வாசல் வரைக்கும் போச்சு. டாக்டரம்மா உங்களுக்குப் போன் போட்டது அப்பத்தான். 'இது யார்னு பார்க்காம விடறதில்லை'ன்னு ஒவ்வொரு நெட்வொர்க் வயரா பிடுங்க ஆரம்பிச்சேன். ஒண்ணைப் பிடுங்கினா வரவேற்பு போன் செத்துப்போச்சு. இன்னொண்ணைப் பிடுங்கினா கார்டு காட்டித் திறக்கிற மருந்து அறைக் கதவு பூட்டிக்கிச்சு, உள்ளே பார்மசிஸ்ட். "யாரும்மா அது, நான் இருக்கேன்!"னு ஒரே தட்டு. "இன்னும் ரெண்டே வயர்தாங்க, உட்காருங்க"ன்னு வெளியிலிருந்தே தைரியம் சொன்னேன்.

கடைசி வயர் காத்திருக்கும் ஹாலுக்குப் போச்சு. அங்கே சுவத்துல டிவி, அதுல மீன் நீந்துது. என்னைக்கோ யாரோ ஸ்கேன் பகுதியிலேயே ஒரு மீன் வீடியோவைப் போட்டுவெச்சு, அது ஓடிக்கிட்டே இருந்திருக்கு! வயரைப் பிடுங்கினேன். பெட்டி மறுபேச்சில்லாம கழண்டுக்கிச்சு. ஸ்கேனெல்லாம் இப்போ புதுப் பெட்டியில பத்திரம். பார்மசிஸ்டும் வெளியே வந்துட்டார், பேசத்தான் மாட்டேங்கிறார்.

ஆகவே சித்தப்பா, நான் இங்கே இருக்கும் வரை எந்த சர்வரும் அந்தப் பழைய பெட்டியைத் தொடாது. டாக்டரம்மாவே வந்து கேட்டாலும் தொடாது. இதைத் தாங்கள் அவரிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

சித்திக்கு என் வணக்கம், தங்கைக்கு முத்தம், முழங்காலுக்கு ஓய்வு.

தங்கள் அன்பு மகள்

பி.கு.: அதை டாக்டரம்மாகிட்ட இன்னும் சொல்லிடாதீங்க. மீன் மறைஞ்சதும் ஹால்ல இருந்த குழந்தைங்க அத்தனையும் ஒரே குரல்ல அழ ஆரம்பிச்சிடுச்சு. ஊசி போடற நர்ஸ் ஓடி வந்து, "மீனைக் காட்டித்தாம்மா நான் ஊசியே போடறேன்"னாங்க. புதுப் பெட்டியிலயும் அதே மீன் இருக்கு, ஆனா டிவிக்குப் புது வழியைச் சொல்லணும்னா ரிமோட் வேணும். ரிமோட் எங்கேன்னு யாருக்கும் தெரியலை. டாக்டரம்மாவே வந்து கேட்டாங்க. என் கையாலேயே பழைய பெட்டியை ஸ்கேன் சர்வரோட திரும்ப இணைச்சுட்டேன். உறுமிக்கிட்டு இருக்கு. மீன் நல்லா நீந்துது.