நல்ல காரணம் தேடிய நாலு வயதுக்காரர்கள்

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல குணத்தைக் கற்றுக்கொடுத்தால், அதை முதலில் நம் தலையில்தான் பரீட்சித்துப் பார்ப்பார்கள். எனக்கு அது மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பக்கம், ஒரு யூதச் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் நடந்தது.

நான் அங்கே புது உதவியாளர். வேலை நிரந்தரமா, இல்லையா என்பதைப் பொறுப்பாளர் ரிவ்கா அந்த வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தது. எனக்குத் துளியும் பயமில்லை. (பயந்திருக்கலாம்.)

அந்த வாரப் பாடம் நட்பு. சிநேகிதன் பிழை செய்ததுபோலத் தெரிந்தால் உடனே கோபிக்காதே, அவன் பக்கம் ஒரு நல்ல காரணம் இருக்கும், அதைத் தேடு என்பது யூதர்களின் பழைய போதனை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் காரணமே இல்லாமல் கோபிக்கிறவர்கள். ஆனாலும் விட்டேனா? காலை மாலை அதையே ஓதினேன். ஒருவன் கட்டிய கோபுரத்தை இன்னொருவன் இடித்தால், "அவனுக்குக் கால் தடக்கியிருக்கும்" என்று கட்டியவனே சொல்லும் அளவுக்கு வகுப்பு தேறிவிட்டது.

வெள்ளி மதியம் பிள்ளைகளைப் படுக்கவைத்து, விளக்கை அணைத்து, தாலாட்டுப் பாடினேன். என் தாலாட்டில் எனக்கு அபார நம்பிக்கை. அது வீண்போகவில்லை. நான் தூங்கிவிட்டேன்.

குளிர்காலத்தில் நேரத்தோடு இருட்டிவிடும். வெள்ளி மாலையே தொடங்கும் அவர்களின் ஓய்வுநாளுக்குச் சூரியன் மறையுமுன் வீடு சேரவேண்டும் என்பதால் பெற்றோரும் முந்தியே வந்துவிடுவார்கள். அது எனக்கு மறந்துபோனது. பேச்சுக்குரல் கேட்டு விழித்தேன். என் மேல் பிள்ளைகளின் குட்டிப் போர்வைகள் அத்தனையும் கிடந்தன. திறந்த கண்ணை உடனே மூடிக்கொண்டேன். (அவர்கள் பிரெஞ்சில் பேசியதை எங்கள் தமிழில் தருகிறேன்.)

"என்ன நடக்குது இஞ்சை?" ரிவ்காவின் குரல்.

"சத்தம் போடாதேங்கோ. நாங்கள் இவவுக்கு நல்ல காரணம் தேடுறம்" என்றாள் என் வகுப்புச் சிறுமி லேயா. "இவவின்ரை மனுசன் இரவு முழுக்கக் குறட்டை விடுறவராம்."

(அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் நான்தான்.)

வாசலில் பெற்றோர் சிரிப்பது கேட்டது. பக்கத்தில் இன்னொரு பிள்ளை, நோவா, சொன்னான்: "செத்திருப்பா. ஆனா வேணுமெண்டு செய்திருக்கமாட்டா."

அதற்கு மேல் கிடக்க முடியவில்லை. எழும்பி உட்கார்ந்தேன்.

எல்லோரும் போனபின் ரிவ்கா கூப்பிட்டார். "நானும் உங்களுக்கு ஒரு நல்ல காரணம் தேடிப் பாத்தன். கிடைக்கேல்லை." வேலை போய்விட்டதென்றே நினைத்தேன். "ஆனா பாடத்தை வடிவாப் படிப்பிச்சிருக்கிறியள். திங்கட்கிழமையும் வாங்கோ. தாலாட்டை மட்டும் வேற ஆள் பாடட்டும்."

வருடங்கள் ஓடிவிட்டன. வேலை நிரந்தரம், தாலாட்டுத் தடையும் நிரந்தரம். குறட்டைக்காரருக்கு இன்னும் என்மேல் கோபம். அவர் அழைக்கும்போது நான் கைப்பேசியை எடுக்கக் கொஞ்சம் பிந்தினால் போதும், இந்தக் கதை கேட்டு வளர்ந்த எங்கள் மகள் தகப்பனைத் தேற்றுவாள்:

"அம்மா செத்திருப்பா, அப்பா. ஆனா வேணுமெண்டு செய்திருக்கமாட்டா."