மாம்பழ ஈக்கு எந்த ஊர்?

நாட்டின் நலன் கருதி மாம்பழ ஈக்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது அந்த விவசாயத் திணைக்களம். வடக்கு ஈக்கு ஒரு பிரிவு, தெற்கு ஈக்கு ஒரு பிரிவு. பிரிவுக்கொரு பணிப்பாளர், ஒரு ஜீப், ஜீப்புக்குள் நித்திரை கொள்ள ஒரு சாரதி. எந்தப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாலும் இரண்டு ஈயும் ஒன்றுபோலவே தெரிந்தன. அதனால்தான் அவற்றைப் பிரித்தறிய இரண்டு பணிப்பாளர்கள் தேவைப்பட்டார்கள்.

கெட்ட காலம், மரபணுச் சோதனை வந்து சேர்ந்தது. அதற்குத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவள் அருந்ததி. வேலை நிரந்தரமானால் திணைக்கள அடையாள அட்டை கிடைக்கும். யுத்த காலத்துக் கொழும்பில் அதை நீட்டினால் செக்பொயின்ற்றில் "எந்த ஊர்?" என்று கேட்கமாட்டார்களாம். அந்தக் கேள்வி கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

ஒருநாள் வெள்ளவத்தையில் கான்ஸ்டபிள் அவளுடைய பையைத் திறந்தார். உள்ளே இரண்டு போத்தல் ஈ.

"எந்த ஊர்?"

"சாவகச்சேரி."

"நீங்க இல்லே. இது."

"அது வவுனியா. மற்றது தெஹிவளை."

தெஹிவளைப் போத்தல் உடனே திரும்பி வந்தது. வடக்கிலிருந்து வந்த வவுனியாப் போத்தலை மேசையில் ஒதுக்கி வைத்தார். "இவங்களைத் தெரிஞ்ச ஆள் கொழும்பிலே இருக்கா?"

ஈக்களுக்கு அருந்ததி பொறுப்பு நின்றாள். அருந்ததிக்குப் பொறுப்பு நிற்க வீட்டுக்கார இரத்தினம்மா சமையலை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது.

சோதனை முடிந்ததும் வடக்கு ஈப் பணிப்பாளர் ஒஸ்வால்டிடம் போனாள்.

"சேர், ரெண்டும் ஒரே இனம்."

"மெல்லக் கதையும் பிள்ளை! ஒண்டெண்டால் ஒரு பணிப்பாளர் காணும் எண்டு சொல்லிப்போடுவாங்கள்."

"மரபணு பொய் சொல்லாது சேர்."

"ஜீப்பும் பொய் சொல்லாது. வாசலில ரெண்டு நிக்குது."

ஆனாலும் அமைச்சு விஞ்ஞானத்தை மதித்தது. வடக்குப் பிரிவும் தெற்குப் பிரிவும் இருந்தபடியே இருக்கும். இரண்டும் ஒன்றே என்ற மகத்தான உண்மையைப் பேணிப் பாதுகாக்க மூன்றாவதாக 'ஒரே ஈப் பிரிவு' நிறுவப்பட்டது. பணிப்பாளர் அருந்ததி.

ஜீப் வந்தது. அட்டையும் வந்தது. செக்பொயின்ற்றில் கான்ஸ்டபிள் சலூட் அடித்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சந்தோசத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள், ஈப் பிடிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பழனிமுத்து ஒரு போத்தலோடு வந்து நின்றான்.

"மேடம், இதையும் நம்ம பிரிவுல சேத்துக்கங்க."

அருந்ததி கதிரையில் சாய்ந்துகொண்டு போத்தலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எந்த ஊர்?"

"ஈயா மேடம்?"

"இல்லை. நீர்."