வேலிக்கம்பியில் பேசிய எறும்புதின்னி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் இளைய மருமகன் எபனேசர். போன குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் சொன்னார். மொட்டைமாடியில் நான் துணி காயப்போடுகிற கொடிக்கம்பியைக் காட்டி, "அத்தை, இதை என் ரேடியோவுக்கு ஏரியலா கட்டிக்கிடவா? புதுக் கம்பி வாங்குற நிலைமையில நான் இல்ல" என்று கேட்டார். முடியாது என்றேன். உடனே ஒரு கதை சொல்லுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதில் என் கைச்சரக்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காட்டில் சுருளி என்று ஓர் எறும்புதின்னி இருந்தான். நல்ல பிள்ளைதான். கூச்சம் மட்டும் ஜாஸ்தி. யாராவது முகத்தைப் பார்த்து "என்னப்பா, நல்லாருக்கியா?" என்றால் போதும், தலையை வயிற்றுக்குள் சொருகிப் பந்தாகச் சுருண்டுவிடுவான். கேட்டவர் வெறுத்துப்போய் நடையைக் கட்டின பிறகுதான் மூக்கு வெளியே வரும்.

அவனுக்கு என்று இருந்தவள் அக்கா பேச்சி ஒருத்திதான். அவள் இருந்தது அடுத்த மலைச்சரிவில். கண் மங்கிப்போனவள். அங்கே கரையான் புற்றும் கிடையாது. அதனால் தினமும் இந்தப் பக்கம் வருவாள். தம்பி புற்றைக் கிளறிக் கொடுப்பான், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அவளும் கூச்சக்காரிதான். இரண்டு பேரும் முதுகோடு முதுகு சாய்ந்துகொண்டுதான் சாப்பிடுவார்கள், பேசுவார்கள்.

இப்படி இருக்கும்போது சிங்கராஜா காட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேலியில் ஒரு வாசல், வாசலுக்கு ஒரு பூட்டு, சாவி குள்ளநரியின் இடுப்பில். பேச்சி அந்தப் பக்கம், புற்று இந்தப் பக்கம்.

சுருளி மனதைத் திடப்படுத்திக்கொண்டு நரியின் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனான். பெரிய வரிசை. பின்னால் நின்ற காட்டுப்பன்றி, "யோவ், நகரும் வே" என்றது. அவ்வளவுதான், சுருளி சுருண்டுவிட்டான். வரிசை அவனை உருட்டி உருட்டியே ஜன்னல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடுவில் ஒரு கிழக்குரங்கு கால் வலிக்கிறது என்று அவன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது.

"உமக்கு என்ன குறை?" என்றது நரி.

பந்து பேசவில்லை.

"வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

பந்து இன்னும் இறுகியது. "குறை ஒன்றுமில்லை" என்று நரி முத்திரை குத்தி, அடுத்தவனைக் கூப்பிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மாசானக் காக்கா அந்த வழியாக வந்தது. அது காயலான் கடை நடத்துகிற காக்கா. மலைக்கு இரண்டு பக்கமும் அதற்கு வியாபாரம் உண்டு.

"வே சுருளி, உங்க அக்கா கிடையில கிடக்கா. மூச்சு இல்ல, பேச்சு இல்ல."

சுருளி பதறிப்போனான். ஆனால் காக்கா கொண்டுவருகிற சேதியில் பாதி காக்காவின் சொந்தச் சரக்கு. எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

"நெசமாவா?" என்று பந்துக்குள்ளிருந்தே கேட்டான்.

"நம்பாட்டி நீரே பேசிக் கேளும். அவ வீட்டுப் பக்கத்துல ஒரு வரையாடு இருக்கு. ஹாம் ரேடியோக் கிறுக்கு, ஆகாசத்துலயே பேச்சை அனுப்புற பெட்டி ஒண்ணு வச்சிருக்கு. அது அவளைப் பெட்டி முன்னால உட்கார வச்சுப் பேசச் சொல்லும். நீரும் ஒரு பெட்டி வச்சா தீர்ந்துது. நடுவுல கம்பெனி கிடையாது, மாசாமாசம் பில்லு கிடையாது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும், அம்புட்டுத்தான். முக்கியமா, யாரும் உம்ம மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க."

கடைசியாகச் சொன்னதுதான் சுருளியின் மனதில் விழுந்தது.

பரீட்சை நடத்தியதும் நரிதான். சுருளி எழுதினதெல்லாம் சரி. நேர்முகத்தில் வழக்கம்போலச் சுருண்டுவிட்டான். ஆனால் 'ஒழுக்கம்' என்று ஒரு பகுதி இருந்தது. பரீட்சை முடியும்வரை அசையாமல், பக்கத்தில் பார்க்காமல் இருந்தவன் அவன் ஒருவன்தான் என்று அதில் முழு மார்க் போட்டார்கள். 'புற்று ஏழு' என்று அழைப்புப் பெயரும் கொடுத்தார்கள். பேசும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், 'ஓவர்' என்றுதான் முடிக்க வேண்டும். வரையாட்டின் அழைப்புப் பெயர் 'மலை மூன்று'.

பெட்டி மாசானத்தின் கடையிலேயே கிடைத்தது. ஒரு திருகு காணோம். அந்த இடத்தில் ஒரு நாவல் கொட்டையைச் சொருகினான். மைக்கை ஒரு சிரட்டைக்குள் பொருத்தினான். எப்போதோ மனிதர்கள் விட்டுப்போன ஜீப்பிலிருந்து பேட்டரி. இதற்கெல்லாம் விலையாக மழைக்காலத்து ஈசல் முழுவதையும் காக்காவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஏரியலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"செம்புக் கம்பி வேணும் வே. இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் நடுவுல உசரமாக் கட்டணும். அது இல்லாட்டி உம்ம பேச்சு உம்ம புத்தைத் தாண்டாது" என்றது காக்கா.

சுருளி சுற்றும்முற்றும் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ராஜாவின் வேலிக்கம்பி வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. 'இவ்வளவு நீளக் கம்பியைச் சும்மாதானே கட்டிப் போட்டிருக்கிறார்' என்று நினைத்தான். பெட்டியிலிருந்து ஒரு துண்டு வயரை இழுத்து வேலியில் முறுக்கினான். அந்த வேலியின் மறுமுனை ராஜாவின் குகை வாசலில், டிவிக் குடை மாட்டியிருந்த அதே தூணில் கட்டியிருந்தது. அது அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆனது. சுருளி பெட்டிமுன் உட்கார்ந்து கண்ணை மூடினான். "ஆண்டவரே, கேட்க வேண்டியவங்க காதுல இது விழட்டும்" என்று ஜெபம் பண்ணிவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

அந்த நேரம் குகைக்குள் ராஜாவும் ராணியும் 'புலிவீட்டு மருமகள்' சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார்ப் புலி மருமகளின் பாலில் எதையோ கலந்துவிட்டுத் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

"மலை மூன்று, மலை மூன்று, இது புற்று ஏழு. யக்கா, சாப்பிட்டியா? ஓவர்."

ராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவ எதுக்கு மருமகளை அக்காங்கிறா?"

"குரலும் ஆம்பளைக் குரலா இருக்கு" என்றார் ராஜா.

சுருளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல். "ஏலே தம்பி! நீயாலே பேசுத? நான் நல்லாருக்கேன். வயிறு நிறையச் சாப்பிட்டாச்சு. ஓவர்."

சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று சொல்லுகிற குரல் எப்படி இருக்கும் என்று சுருளிக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியும், கூடப் பிறந்தவனுக்கும் தெரியும். அவனுக்குப் பிறந்ததிலிருந்து வராத கோபம் ஒன்று வந்தது. எதிரே ஒரு முகமும் இல்லையே, அதனால் தாராளமாக வந்தது.

"பொய் சொல்லாதே யக்கா! அங்க ஏது புத்து? எத்தனை நாளாப் பட்டினி கிடக்கே? அந்தச் சிங்கத்துக்குப் பிடரி சீவத் தெரியுது, ஒரு வாசலைத் திறக்கத் தெரியல! வேலிக்கு உள்ள இருக்கது யாரு, வெளிய இருக்கது யாருன்னு அந்தத் தடியனுக்காவது தெரியுமா? ஓவர்!"

குகையில் மாமியார்ப் புலி இதை முழுவதும் பாசமாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எவன்டா அது!" என்று ராஜா கர்ஜித்தார்.

"உஸ், சும்மா இருங்க" என்றாள் ராணி. டிவியில் சுருளியின் பேச்சு மட்டும்தான் வந்தது, பேச்சியின் பதில் வரவில்லை. "அக்கா என்ன சொன்னான்னு கேக்கலையே! ஐயோ, பாவம், பட்டினியாமே!"

ராஜாவின் சேவகன் கீரி, கம்பியை மோந்துகொண்டே போய், வேலியில் முறுக்கியிருந்த வயரைக் கண்டுபிடித்தது. சுருளியை உருட்டிக்கொண்டு வந்து குகையில் விட்டது.

"தடியன் என்று சொன்னது நீதானே? இப்போது சொல் பார்க்கலாம்!"

இனி அக்காவுக்கும் கஞ்சி இல்லை, தனக்கும் தலை இல்லை என்று பந்து உள்ளுக்குள் முடிவு பண்ணிக்கொண்டது.

"அந்தப் பிள்ளையை மிரட்டாதீங்க" என்றாள் ராணி. "எனக்கு அந்த அக்கா சாப்பிட்டாளா இல்லையான்னு தெரியணும். தெரியாம நான் வாயில பச்சைத் தண்ணி வைக்க மாட்டேன்."

ராஜா யோசித்தார். ராணி சாப்பிடாவிட்டால் வேட்டைக்குப் போக ஆள் இல்லை. "நரியே, வாசலைத் திறந்து விடு. இதுகள் நேரில் பேசித் தொலையட்டும், நான் சீரியல் பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் வாசல் திறந்தது. அக்கா தம்பி சேருவதைப் பார்க்கக் காடே கூடியது. ராணி கண்ணைத் துடைக்கத் தயாராக முன்வரிசையில் உட்கார்ந்தாள். பேச்சி தடவித் தடவி உள்ளே வந்தாள். சுருளி எதிரே போனான். அத்தனை கண்ணும் தங்கள் மேலே என்று தெரிந்ததும் இரண்டு பேரும் சுருண்டுவிட்டார்கள். வாசலில் இரண்டு பந்து. சாயங்காலம்வரை பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்தது. அப்புறம்தான் முதுகோடு முதுகு சாய்ந்து, பேச்சி ஒரு புற்று முழுவதையும் காலி பண்ணினாள்.

ராஜா பெரிய மனதுக்காரர் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டார். சுருளிக்கு இனாமாகவே நல்ல செம்புக் கம்பி கொடுத்து, உயர்ந்த இரண்டு மரங்களுக்கு நடுவில் கீரியை வைத்து முறைப்படி கட்டிக்கொடுத்தார். இனி அவன் பேச்சு மலை தாண்டிப் போகும், குகைக்கு வராது. சுருளி வணங்கினான்.

ஏரியல் பிரமாதமாக வேலை செய்தது. அக்காவின் குரல் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் கேட்டது. டிவியிலும் மாமியார்ப் புலி தன் சொந்தக் குரலுக்குத் திரும்பினாள். ராணி பழையபடி மருமகளுக்காக அழ ஆரம்பித்தாள்.

குகையில் இரைச்சல் நின்ற மறுவாரமே நரி வாசலைப் பூட்டிவிட்டது. ஏன் என்று காக்கா கேட்டதற்கு, "புகார் ஒன்றும் வரவில்லையே" என்றது.

சுருளி அன்றைக்குச் சாயங்காலம் பெட்டிமுன் உட்கார்ந்தான். நல்ல ஏரியலில் அக்காவின் குரல் துல்லியமாக வந்தது. "சாப்பிட்டாச்சுலே தம்பி. ஓவர்." அதில் இருந்த பசியும் துல்லியமாக வந்தது.

அவன் மரத்தில் ஏறி ராஜா கொடுத்த செம்புக் கம்பியை அவிழ்த்தான். புற்று வாசலில் கொடியாகக் கட்டி, மழையில் நனைந்த தன் படுக்கைச் சருகுகளை அதில் காயப்போட்டான். பழைய துண்டு வயரை எடுத்து வேலியில் முன்னைவிட இறுக்கமாக முறுக்கினான். ஆண்டவரிடம் அதே ஜெபத்தைச் சொன்னான். கேட்க வேண்டியவங்க யார் என்று ஆண்டவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் இப்போது தெரிந்தது என்று நினைத்துக்கொண்டான். சீரியல் பாட்டு முடிகிறவரை காத்திருந்தான்.

"மலை மூன்று, மலை மூன்று, இது புற்று ஏழு. யக்கா, அந்தத் தடியன் மறுபடியும் பூட்டிட்டான். ஓவர்."

முதல் விளம்பரம் முடிவதற்குள் வாசல் திறந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பூட்டையே யாரும் பார்க்கவில்லை. நரி தேடிக்கொண்டிருக்கிறதாம்.

*

நீதி: எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யாதீர்கள். ஒழுங்காகச் செய்தால் உங்கள் குரல் சேர வேண்டியவரிடம் மட்டும் சேரும். அரைகுறையாகச் செய்தால்தான் ராஜாவின் வீட்டிலும் கேட்கும்.

*

கதை கேட்ட பிறகு கொடிக்கம்பியை எபனேசருக்கே கொடுத்துவிட்டேன். இப்போது துணியெல்லாம் கைப்பிடிச் சுவரில்தான் கிடக்கிறது. மாடிப்பக்கம் போகிறவர்கள் என் வெள்ளைச் சேலையைக் கொஞ்சம் எடுத்துவந்து கொடுங்கள். நாளைக்குக் கோயிலுக்கு அதைத்தான் உடுத்த வேண்டும்.